கைராசிக்காரனின் மலைப் பயணம்

ஒரகடத்தில் உயரமான இடம் என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று மேம்பாலம், இன்னொன்று கம்பெனிகளின் தண்ணீர்த் தொட்டி. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பார்கள். பக்கத்து வல்லக்கோட்டையில் குமரன் இருக்கிறான், குன்றைத்தான் காணோம். இப்படிப்பட்ட சீமையில் உட்கார்ந்துகொண்டு நம்பிராஜன் பொதிகை மலை ஏறத் திட்டம் போட்டான்.

டீக்கடையில் வாயாலே போடும் பந்தல் இல்லை அது. முதல் நாள் எங்கே நடக்கத் தொடங்குவது, எந்த ஓடையில் தண்ணீர் பிடிப்பது, எந்தக் கொட்டகையில் கஞ்சி குடித்துப் படுப்பது, மறுநாள் உச்சிக்குப் போகையில் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய பாறை எப்படி இருக்கும், மூன்றாம் நாள் இறங்கி வந்தால் எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பது வரை அவனுக்கு மனப்பாடம். போய்வந்தவர்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எந்த வளைவில் எந்த மரம் சாய்ந்து கிடக்கிறது என்றுகூடச் சொல்வான். அட்டைப் பூச்சி கடிக்காமலிருக்க உப்பும் புகையிலைத் தூளும் கலந்து துணியில் முடிந்து வைக்கவேண்டும் என்று அவனே கண்டுபிடித்ததுபோல எல்லோருக்கும் பாடம் எடுப்பான். அவன் மனைவி காந்திமதி அந்தப் பொட்டலத்தை அரிசி டப்பாவின் பக்கத்தில் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை.

அவனுக்குச் சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். பொதிகையின் காலடி. ஊரைப் பற்றி உருகுகிற ஆள் இல்லை அவன். ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மில் சங்கும் கொசுவும் என்பான். ஆனால் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஷிஃப்டுக்குப் போய், அதைப் பார்த்துக்கொண்டே திரும்பி, ஒரு நாளும் அதன்மேல் ஏறாமல் கண்ணை மூடிய சனம் அவனுடைய சனம். இப்போது அந்தப் பக்கத்து வழியும் அடைபட்டுவிட்டது. ஏறவேண்டுமானால் கேரளத்துக்குச் சுற்றிக்கொண்டு போய், அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கி ஏறவேண்டும். நம் வீட்டு மொட்டைமாடிக்குப் போக அடுத்த வீட்டுக்காரனின் ஏணியைக் கேட்கிற கதைதான். அந்த எரிச்சலே பாதி ஆசையாக அவனுக்குள் வளர்ந்திருக்கலாம்.

மீதி ஆசையைக் கம்பெனி வளர்த்தது. அவன் வேலை பார்த்த கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். ஒரு காரியத்துக்கு ஒரு மணி, மூத்திரத்துக்கு ஒரு மணி. மணி அடிக்காத இடத்தில் மூன்று நாள் நடக்கவேண்டும், அது போதும் என்பான். வேறு எதற்கும் இப்படி அவன் ஆசைப்பட்டதில்லை. இடம் வாங்கவேண்டும், வண்டி மாற்றவேண்டும் என்றெல்லாம் மற்றவர்கள் பேசும்போது இவன் கொட்டாவி விடுவான்.

அந்தக் கம்பெனியில் கார் இன்ஜினைக் குளிர வைக்கிற கூலர் செய்தார்கள். அலுமினியப் பெட்டி. லைனின் கடைசியில் அதில் காற்றை அடைத்து, கசிகிறதா என்று பார்க்கிற லீக் டெஸ்ட் மெஷின் ஒன்று உண்டு. பச்சை விளக்கு எரிந்தால் பெட்டி வண்டி ஏறும். சிவப்பு எரிந்தால் ஓரம் போகும். சிவப்பு தொடர்ந்து எரிந்தால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார், அவருக்குப் பின்னால் அவரைத் திட்டுகிறவர் வருவார். மெஷின் பழையது. யார் நின்றாலும் மத்தியானத்துக்கு மேல் நல்ல பெட்டிக்கும் சிவப்பு காட்டும். நம்பிராஜன் நின்றால் மட்டும் காட்டாது.

நம்பிக்குக் கைராசி என்று லைனே சொன்னது. அவனும் ஆமாம் என்பதுபோலச் சிரித்து வைத்தான். ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெட்டியை உட்கார வைக்கிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஓடி ஓடிச் சூடு ஏறினால் அது ஒரு பக்கமாக உப்பும். அதைக் கழற்றி, துடைத்து, திருப்பிப் போட்டால் மெஷின் பழையபடி நல்ல பிள்ளையாகிவிடும். அவ்வளவுதான் சங்கதி. டீ மணி அடித்து எல்லோரும் முதுகைக் காட்டியதும் நம்பிராஜன் அதைச் செய்து முடித்துவிட்டுக் கடைசி ஆளாக டீக்குப் போவான்.

இதை ஏன் மூடி வைத்தான் என்றால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. முன்பு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தபோது, புதிதாக வந்தவனுக்குத் தன் வேலையை ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தான். அவன் நன்றாகக் கற்றுக்கொண்டான். அடுத்த மாதம் நம்பிராஜனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரிந்த தொழில்தான் அவன் கழுத்துக்குக் காப்பு, அதைக் கழற்றிக் கொடுத்தால் கழுத்தும் போகும் என்று அன்றைக்குப் புத்திக் கொள்முதல் செய்தான். தப்பென்று யார் சொல்வது? அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறார்கள்.

லைன் ஓரத்துச் சுவரில் ஒரு போர்டு மாட்டியிருந்தது. ஒவ்வொரு ஆள் பெயருக்கும் எதிரே, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பு என்றால் கற்றுக்கொள்கிறான், பாதி என்றால் கூட ஆள் இருந்தால் செய்வான், முழு வட்டம் என்றால் தனியாக நிற்பான். லீக் டெஸ்டுக்கு நேரே முழு வட்டம் நம்பிராஜனுக்கு மட்டும். பாதி வட்டம் ஜோயலுக்கு.

ஜோயல் வல்லம் ஊர்க்காரன். நம்பியைவிடச் சில வயது சின்னவன், ஒரே லைன், ஒரே வண்டியில் வேலைக்கு வருகிற சேர்த்தி. கிறிஸ்துமஸ் கேக் முதலில் நம்பி வீட்டுக்குத்தான் வரும். ஜோயலின் மகள் நிலா காந்திமதியிடம்தான் சோறு தின்பாள். இவ்வளவு ஒட்டும் உறவும் இருந்தும், ஜோயல் தேறிவிட்டானா என்று சூப்பர்வைசர் கேட்கும்போதெல்லாம் நம்பிராஜன் உதட்டைப் பிதுக்கினான். இன்னும் கை வரவில்லை சார் என்று எழுதியும் கொடுத்தான். ஜோயலே வந்து, நான் நின்றால் மட்டும் ஏன் சிவப்பு எரிகிறது என்று கேட்டதற்கு, இது கைராசி, படிச்சு வராது என்று தோளில் தட்டி அனுப்பினான். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பாதி வட்டம் பாதி வட்டமாகவே நின்றது.

மலைக்கு நான்கு பேர் என்று முடிவானது. நம்பி, ஜோயல், லைனில் இருக்கிற ஹேமந்த், ஹேமந்தோடு ரூமில் தங்கியிருக்கிற இசக்கிபாண்டி. ஏறிப் பழகவேண்டுமே, அதற்கு மலைக்கு எங்கே போவது? படப்பையில் பாதியில் நின்றுபோன ஒரு அடுக்குமாடிக் கட்டடம் இருந்தது. வாட்ச்மேன் ஜோயலுக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேரும் முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறி இறங்கினார்கள். ஹேமந்த் கம்பெனி கொடுத்த இரும்பு மூக்கு ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து, மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டான். நம்பிராஜன் அவனுக்குக் கேன்வாஸ் ஷூ வாங்க வைத்தான். யாருக்கு முட்டி வலி, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று அவன்தான் கவனித்தான். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கொட்டகைக் கூரைகள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு ஜோயல் ஒரு நாள் சொன்னான், தன் வாழ்நாளில் திருக்கழுக்குன்றத்தைத் தவிர எந்த மலையும் ஏறியதில்லை என்று.

சீட்டு வாங்கியது பெரிய பாடு. ஆன்லைனில் திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடும். கம்பெனியிலோ போனை கேட்டிலேயே செக்யூரிட்டி பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். நம்பிராஜன் ஆளைப் பிடித்து ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, படப்பையில் சுப்பராயனின் பிரவுசிங் சென்டரில் கடை திறக்கும் முன்பே போய் உட்கார்ந்தான். நாலு பேர் ஆதாரும் டாக்டர் சர்டிபிகேட்டும் தயார். சுப்பராயன் தட்டத் தட்ட இவன் பக்கத்தில் நின்று முருகா முருகா என்றான். கிடைத்தது. ஜனவரிக் கடைசியில், குடியரசு தின விடுமுறையோடு சேர்த்துப் பராமரிப்புக்காக லைனை நிறுத்துவது அந்தக் கம்பெனியின் வழக்கம். அந்த நாட்களுக்குச் சரியாகக் கிடைத்தது. பேர் மாற்றமுடியாத சீட்டு, வேறு ஆள் போகமுடியாது என்று சுப்பராயன் சொன்னார். யார் மாற்றப்போகிறார்கள் என்று நம்பிராஜன் சிரித்தான். அன்றைக்குக் காந்திமதிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது புதிதா? கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது சூப்பர்வைசர் கார்முகில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். புதிய கார் ஒன்றுக்கு அவசரமாகக் கூலர் கேட்கிறார்களாம். லைன் நிற்காது. மற்ற இடங்களுக்கு வேறு லைனிலிருந்து ஆள் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம், உன் கூட்டாளிகளுக்கு லீவு தரலாம், லீக் டெஸ்டுக்கு மட்டும் நீ இருந்தாகவேண்டும் என்றார். கார்முகில் கெட்டவர் இல்லை. நம்பிராஜன் மலைக்குப் போகிற கதை அவருக்கும் தெரியும். சொல்லும்போது அவர் போர்டைத்தான் பார்த்தார்.

"நான் என்ன பண்றது நம்பி? முழு வட்டம் உன் ஒருத்தனுக்குத்தான் இருக்கு. கஸ்டமர் அதைத்தான் பாப்பான். பாதி வட்டம் இருக்கிறவனை டெஸ்ட் வச்சு ஏத்தலாம். ஜோயலுக்கு வரும்னு நீ சொன்னா, டெஸ்ட் வைக்கறேன். அவன் நின்னா நீ போ."

யாரிடமும் இப்போது சொல்லவேண்டாம், பெரியவர்கள் ஒப்புதல் வரட்டும் என்று அவர் சொன்னது நம்பிராஜனுக்குச் சாதகமாகப் போயிற்று. சாதகம் என்று அவன் நினைத்தான்.

வீட்டில் காந்திமதியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். ரப்பர் வளையத்தை ஜோயலுக்குக் காட்டிக் கொடுப்பது, டெஸ்டில் அவன் தேறுவது, முழு வட்டம் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும்போது லைன் நிற்கவில்லை என்ற செய்தி வருவது, அவன் நின்றுகொள்வது, இவன் மலைக்குப் போவது. மலைக்குத் திட்டம் போட்டதுபோலவே இதற்கும் வளைவு வளைவாகத் திட்டம் போட்டிருந்தான். காந்திமதி முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு அந்தப் பிள்ளைகிட்ட நேராக் கேட்டா என்ன? நான் ஆசைப்பட்டுட்டேன், எனக்காக நில்லுன்னு கேளுங்க. கேட்டா வாய் வெந்துருமா?"

"கேட்டா எவன் சரிம்பான்? நீ சும்மா கெட."

"வளையத்தை மறைச்சதையும் சேத்துல்லா சொல்லணும். அதான் ஒங்களுக்குக் கொடையுது," என்றாள் அவள். சரியான இடத்தில் போட்டுவிட்டாள்.

மறுநாள் டீ மணி அடித்ததும் ஜோயலை நிறுத்திக்கொண்டு, நம்பிராஜன் வளையத்தைக் கழற்றிக் காட்டினான். சூட்டில் எந்தப் பக்கம் உப்புகிறது என்று விரலை வைத்துத் தடவச் சொன்னான். துடைத்து, திருப்பி, அமுக்கி உட்கார வைத்தான். தன் கழுத்துக் காப்பைத் தானே கழற்றுகிறோம் என்ற பயம் ஒரு பக்கம், அதற்கு அந்தப் பக்கம் மலை. நேற்றுதான் எனக்கே இது பிடிபட்டது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னான்.

ஜோயல் வளையத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "இம்மாந்தானாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

இம்மாந்தான். அடுத்த நாட்களில் ஜோயல் இரண்டு முறை தனியாகச் செய்து காட்டினான். நம்பியைவிட வேகமாகச் செய்தான். கண்ணை மூடிக்கொண்டே உப்பிய பக்கத்தைக் கண்டுபிடித்தான். நீ இனி பாதி வட்டக்காரன் இல்லடே, நான் சார்கிட்ட சொல்லுதேன், உனக்கு நல்லது நடக்கும் என்று நம்பிராஜன் வாயாரச் சொன்னான். அப்படிச் சொல்லும்போது அவனுக்கே அது உண்மை மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் அடைத்து வைத்த கதவைத் திறந்துவிட்ட வள்ளல் மாதிரி நடந்துகொண்டான். அந்த வாரம் முழுக்க மலையைப் பற்றித்தான் பேச்சு. ஜோயலும் பேசினான். பிளாஸ்டிக் பை எடுத்துப்போகக்கூடாதாமே, பிஸ்கட்டை எதில் கட்டுவது என்றெல்லாம் கேட்டான். நம்பிராஜன் முகம் மாறாமல் பதில் சொன்னான்.

டெஸ்ட் அன்றைக்கு, மத்தியானத்துக்கு மேல், வளையம் சூடேறுகிற நேரம் பார்த்துக் கார்முகில் வந்தார். குவாலிட்டியிலிருந்து ஒருவர் கூட வந்தார். நம்பிராஜன் விதியை மதித்துப் பத்தடி தள்ளி நின்றான். ஜோயல் கையுறையைச் சரிசெய்துகொண்டு முதல் பெட்டியை வைத்தான். பச்சை. அடுத்ததும் பச்சை. பிறகு சிவப்பு.

இப்போது கழற்று என்று நம்பிராஜன் மனதுக்குள் கத்தினான். ஜோயல் கழற்றவில்லை. பெட்டியை எடுத்து மறுபடி வைத்தான். சிவப்பு. மேலே தட்டினான், துணியால் பெட்டியைத் துடைத்தான், ஒன்றும் தெரியாதவன் செய்கிற எல்லாவற்றையும் செய்தான். ஒரு தடவைகூட அவன் விரல் வளையத்தின் பக்கம் போகவில்லை. ஓரத்தில் சிவப்புப் பெட்டிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. லைன் நின்றது. குவாலிட்டிக்காரர் போதும் என்று கையைக் காட்டினார்.

ஜோயல் கையுறையைக் கழற்றிக்கொண்டே நம்பிராஜனைத் திரும்பிப் பார்த்தான். கோபமில்லாத முகம்.

"எனக்குக் கைராசி இல்லண்ணே," என்றான்.

நம்பிராஜனால் என்ன சொல்லமுடியும்? வளையத்தைத் திருப்பு என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை வருஷம் ஓரம் போன நல்ல பெட்டிகளுக்கெல்லாம் யார் கணக்குச் சொல்வது? இவனுக்கு வரும் சார், வேண்டுமென்றே செய்கிறான் என்றும் சொல்லமுடியாது. இவனுக்கு வராது என்று எழுதிக் கொடுத்தவனே அவன்தான். ஆப்பைப் பிடுங்கப்போன குரங்குக்கு வால் மாட்டியதுபோல அவன் அங்கேயே நின்றான். கார்முகில் பரிதாபமாக அவன் தோளைத் தொட்டார். உன்னை விட்டால் ஆள் இல்லையப்பா என்றார். எத்தனையோ நாள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது.

ஷிஃப்ட் முடிந்து வண்டி நிறுத்துகிற இடத்தில் ஜோயல் காத்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல வண்டியைக் கிளப்பி, பின்னால் ஏறச் சொல்லி இடம் விட்டான். நம்பிராஜன் ஏறவில்லை.

"ஏன்டே இப்படிச் செய்த?"

"ஜாஸ்மின் சொல்லிச்சுண்ணே," என்றான் ஜோயல். ஜாஸ்மின் அவன் மனைவி. கம்பெனி கேன்டீனில்தான் வேலை. "லீவு அன்னிக்கு லைனுக்கு சோறு ஆக்கணும்னு கேன்டீனுக்கு ஆர்டர் வந்துச்சாம். நீ எனக்கு வளையத்தக் காட்றதுக்கு மொதல் நாளே தெரியும் எனக்கு."

கேன்டீனுக்குத் தெரியாத ரகசியம் எந்தக் கம்பெனியில் இருக்கிறது? நம்பிராஜன் அதை மறந்துபோனான். காட்டில் எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்று தெரிந்தவனுக்கு, சோறு எங்கே வேகிறது என்பது தெரியாமல் போயிற்று.

"சொல்லுவே சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேண்ணே. ஒரு வாரம். நீ பிஸ்கட்டு எதுல கட்டறதுன்னு சொல்லிக்கினு இருந்த." ஜோயல் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தான். "நீ கேட்டிருந்தா நின்னிருப்பேண்ணே. உன் மலை அது. எனக்கு இன்னா, திருக்கழுக்குன்றம் போதும். ரெண்டு வருசம் மறைச்சதக்கூட விட்டுருப்பேன். ஏமாத்தி நிக்க வெக்கப் பாத்த பாரு, அதான் ஆறல."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. நம்பிராஜனுக்கு அது அடியைவிட அதிகமாக இருந்தது. கடைசியில் அவனும் ஏறி உட்கார்ந்தான், வேறு வண்டி இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஜோயல் நம்பியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். முதுகில் மாட்டும் பை அவனிடம் கிழிந்துபோனது, அண்ணனுடையது சும்மாதானே இருக்கும் என்று காந்திமதியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். நம்பிராஜன் உள்ளேயிருந்து தானே எடுத்து வந்தான். ஆறு மாதமாக அடுக்கியும் கலைத்தும் மறுபடி அடுக்கியும் வைத்திருந்த பை. தன் துணியை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, டார்ச், கயிறு, உப்புப் புகையிலைப் பொட்டலம் எல்லாவற்றோடும் கொடுத்தான். பொட்டலத்தை நனையாமல் வைத்துக்கொள், ஷூ நாடாவுக்கு மேலே தேய்க்கணும் என்று சொல்லவும் செய்தான். ஜோயல் போன பிறகு காந்திமதி புருஷனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

குடியரசு தினத்தன்று கம்பெனி வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். உள்ளே ஒரே ஒரு லைன் ஓடியது. நம்பிராஜன் நின்றான். இந்நேரம் ஓடையைத் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் புல்வெளி, இந்நேரம் கஞ்சி என்று அவனுடைய திட்டம் அவனை விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. தான் போட்ட திட்டத்தின் ஒவ்வொரு வளைவும் அவனைக் குத்தியது. மத்தியானம் கேன்டீனில் ஜாஸ்மின் அவன் தட்டில் கேசரியை இன்னொரு கரண்டி வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. சாப்பிடாமல் கொட்டினால் அவள் பார்ப்பாளே என்று முழுவதையும் தின்றான்.

மலைக்குப் போனவர்கள் கறுத்து, இளைத்து, நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஜோயல் பையைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தான். எப்படி இருந்தது என்று கேட்காமல் இருக்க நம்பிராஜனால் முடியவில்லை.

"ஒண்ணியும் தெரியலண்ணே," என்றான் ஜோயல். "உச்சியில ஒரே பனி. பக்கத்துல நிக்கறவன் மூஞ்சி தெரியல. அத்தனாம்பெரிய மலைய ஏறி, வெள்ளையாப் பாத்துட்டு வந்தோம். இதுக்கா இந்தப் பாடுன்னு ஆயிடுச்சு."

நம்பிராஜன் அடடா என்று வருத்தப்பட்டான். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அவர்களும் பார்க்கவில்லை என்ற நினைப்பு அவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கச் செய்தது. அந்தப் பயணத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான், அதையும் வைத்துக்கொள்ள விடவில்லை. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு நாள் ஹேமந்த் தன் போனை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான். நம்பிராஜன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். உச்சிப் பாறை. துடைத்து வைத்த வானம். கீழே காரையாறு அணைத் தண்ணீர் பளபளக்கிறது, அதற்கு அப்பால் சமவெளி, ஊர்கள். அவன் ஊரும் அதில் எங்கேயோ இருக்கிறது. பாறை நுனியில் ஜோயல், முதுகில் நம்பியின் பை, அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

பனியே இல்லையா என்று கேட்டான். என்ன பனி, கண்ணாடி மாதிரி இருந்தது அண்ணே, உங்க ஊர் அதோன்னு ஜோயல்தான் எல்லாருக்கும் காட்டினான் என்றான் ஹேமந்த்.

டீ ஆறும்வரை நம்பிராஜன் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தான். ஜோயல் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். போட்டோவை மூஞ்சியில் காட்டிப் பெருமையடித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பான். மனசு நோகக்கூடாது என்று பனி மூட்டிவிட்டுப் போயிருக்கிறான். தான் வளையத்தை மறைத்ததற்கும் அவன் வானத்தை மறைத்ததற்கும் உள்ள தூரத்தை நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்குமுன் கார்முகிலைத் தேடிப் போனான். ஜோயலுக்கு வேலை தெரியும் சார், என்னைவிட நன்றாகவே தெரியும், வட்டத்தை நிரப்பிவிடுங்கள் என்றான். ஜோயலுக்காகச் சொன்னானா, அடுத்த ஜனவரிக்காகச் சொன்னானா என்பது அவனுக்கே தெரியாது. கார்முகில் காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல் சிரித்தார்.

"ரெண்டு வருஷமா வராதுன்னு எழுதிக் கொடுத்தது நீதானே நம்பி? டெஸ்ட்லயும் குவாலிட்டி முன்னாடி கவுந்தான். இப்ப வரும்னு சொன்னா எவன் கையெழுத்துப் போடுவான்? போய் நில்லு, மணி ஆச்சு."

போய் நின்றான். நாலு இடம் தள்ளி ஜோயல் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்கு மேல் சிவப்பு எரிந்தது. டீ மணி அடிக்கும்வரை நம்பிராஜன் காத்திருக்கவில்லை, யாருக்கும் முதுகைக் காட்டி மறைக்கவும் இல்லை. எல்லோரும் பார்க்க வளையத்தைக் கழற்றி, துடைத்து, திருப்பிப் போட்டான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் முன்னால் அவரவர் பெட்டி வந்துகொண்டிருந்தது.